விபத்துக் காய சிகிச்சையும் அதன் பின்னால் உள்ள ஆய்வுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்போவது உடலில் படும் காயத்தைப் பற்றி: சாலை விபத்து, உயரத்திலிருந்து விழுவது, கத்திக்குத்து, துப்பாக்கிச் சூடு, இயந்திரத்தில் சிக்குவது இப்படி. இந்தக் காயங்களுக்கு இன்று தரும் சிகிச்சையில் எதற்கு நல்ல சான்று இருக்கிறது, எது வெறும் பழக்கத்தில் நடக்கிறது என்று மருத்துவ மாணவர்களும் செவிலியர்களும் அடிபட்டவர்களின் வீட்டாரும் கேட்பதுண்டு. அந்தக் கேள்விகளும் பதில்களும் கீழே. எல்லாம் பொதுத் தகவல்தான். ஒரு குறிப்பிட்ட நோயாளிக்கு என்ன செய்யலாம் என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல முடியும்.

ட்ராமா (விபத்துக் காய) சர்ஜன் என்றால் எலும்பு மருத்துவரா?

எல்லா இடத்திலும் அப்படி இல்லை. எலும்பு, மூளை, ரத்தக்குழாய் என்று தனித்தனி நிபுணர்கள் இருந்தாலும், பல இடங்களில் ஒரே நேரத்தில் அடிபட்டு வருகிறவருக்கு எதை முதலில் பார்ப்பது என்று தீர்மானிக்க ஒருவர் வேண்டும். வயிற்றுக்குள் ரத்தம் கொட்டுகிறது, தொடை எலும்பு உடைந்திருக்கிறது, தலையிலும் அடி. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் சரிசெய்ய முடியாது. எதற்குப் பின் எது என்று முடிவு செய்வதும், தேவைப்பட்டால் நெஞ்சையோ வயிற்றையோ திறந்து ரத்தத்தை நிறுத்துவதும், அப்புறம் ஐ.சி.யு.வில் தொடர்ந்து கவனிப்பதும் அவருடைய வேலை. சில நாடுகளில் இதற்குத் தனிப் படிப்பு உண்டு. வேறு சில நாடுகளில் பொது அறுவை நிபுணரோ எலும்பு நிபுணரோ இந்தப் பொறுப்பை ஏற்கிறார்.

காயம் அவ்வளவு பெரிய பிரச்சினையா?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஆண்டுக்கு சுமார் 44 லட்சம் பேர் காயங்களால் இறக்கிறார்கள். உலகில் நிகழும் மொத்த மரணங்களில் இது ஏறக்குறைய 8 சதவீதம். 2021இல் சாலை விபத்துகளில் மட்டும் சுமார் 11.9 லட்சம் பேர் இறந்தார்கள். 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் மரணத்துக்கு முதல் காரணம் சாலை விபத்துதான்.

அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் 1966இலேயே ஓர் அறிக்கையில் விபத்துக் காயத்தை ‘நவீன சமுதாயம் புறக்கணித்த நோய்’ என்று குறிப்பிட்டது. புற்றுநோய்க்கு நோயாளிகள் சங்கம் உண்டு, நடைப்பயணம் உண்டு, நிதி திரட்டல் உண்டு. விபத்தில் அடிபடப்போகிறவருக்குத் தான் நோயாளி என்பது முந்தின நிமிடம்வரை தெரியாது. இந்தத் துறை ஆய்வுக்குக் குரல் கொடுக்க ஆள் குறைவாக இருப்பதற்கு அதுவே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

அடிபட்டவர்கள் எதனால் இறக்கிறார்கள்?

முதல் ஒன்றிரண்டு நாளில் இரண்டு காரணங்கள்தான் பெரும்பாலும்: ரத்தப்போக்கு, மூளைக் காயம். அதைத் தாண்டியவர்களைப் பிறகு தொற்றும், ஒன்றன்பின் ஒன்றாக உறுப்புகள் செயலிழப்பதும் தாக்குகின்றன.

டொனால்ட் ட்ரங்கி என்ற அமெரிக்க அறுவை நிபுணர் 1983இல் மரணங்களை மூன்று கட்டமாகப் பிரித்துக் காட்டினார்: அடிபட்ட உடனே, சில மணி நேரத்துக்குள், சில வாரங்கள் கழித்து. பாடப்புத்தகங்களில் இன்றும் அந்த வரைபடம் இருக்கிறது. ஆனால் தீவிர சிகிச்சை மேம்பட்ட பிறகு வந்த பல தரவுகளில், மூன்றாவது கட்டத்தைக் காட்டும் மேடு தட்டையாகிவிட்டது.

ரத்தப்போக்குதான் ஆய்வாளர்களை அதிகம் இழுக்கிறது. காரணம், அதை நிறுத்த முடியும். அமெரிக்க ராணுவத்தில் 2001 முதல் 2011 வரை நடந்த 4,596 போர்க்கள மரணங்களை அலசிய ஆய்வு ஒன்று 2012இல் வந்தது. அவர்களில் 87 சதவீதம் பேர் மருத்துவமனை சேர்வதற்கு முன்பே இறந்திருந்தார்கள். அப்படி இறந்தவர்களில் சுமார் கால் பங்கினரைக் காப்பாற்ற வாய்ப்பு இருந்திருக்கும் என்று நிபுணர் குழு முடிவு செய்தது. அந்தக் கால் பங்கில் பத்தில் ஒன்பது பேர் இறந்தது ரத்தப்போக்கால்.

முதலில் மூச்சுப்பாதை, பிறகு மூச்சு, பிறகு ரத்த ஓட்டம் என்ற வரிசை எங்கிருந்து வந்தது?

1976இல் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு நிபுணர் தன் குடும்பத்தோடு ஓட்டிச் சென்ற சிறிய விமானம் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு வயலில் விழுந்தது. மனைவி அங்கேயே இறந்தார், குழந்தைகள் படுகாயமடைந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த முதல் சிகிச்சையின் தரத்தைப் பார்த்து நொந்துபோன ஸ்டைனரும் அவருடைய சகாக்களும் சேர்ந்து 1978இல் இந்த வரிசையைக் கற்றுத்தரும் ஒரு பயிற்சி வகுப்பைத் தொடங்கினார்கள். அமெரிக்க அறுவை நிபுணர்கள் கல்லூரி அதை எடுத்துக்கொண்டது. இன்று பல நாடுகளில் அந்தப் பயிற்சிதான் அடிப்படை.

பயிற்சி பெற்ற மருத்துவரின் அறிவும் செயலும் மேம்படுகின்றன என்பதற்குச் சான்று உண்டு. அதனால் மரணம் குறைகிறது என்று குலுக்கல் முறை ஆய்வில் (யாருக்கு எது என்று குலுக்கல் போட்டு இரு குழுவாகப் பிரித்து ஒப்பிடுவதில்) யாரும் நிரூபித்ததில்லை. அதற்காக அதை ஒதுக்கவும் முடியாது. நெருக்கடியில் பத்துப் பேர் பத்துவிதமாக யோசிப்பதைவிட எல்லாரும் ஒரே வரிசையில் யோசிப்பது மேல் என்பது என் கருத்து. அந்த வரிசையிலும் ராணுவ அனுபவம் ஒரு திருத்தம் செய்திருக்கிறது: கண்ணெதிரே பீறிடும் ரத்தத்தை மூச்சுப்பாதைக்கும் முன்பாக நிறுத்த வேண்டும்.

‘பொன்னான ஒரு மணி நேரம்’ என்பது உண்மைதானா?

ஓரளவு. இந்தச் சொல்லைப் பரப்பியவர் அமெரிக்காவின் மேரிலாந்தில் ட்ராமா மையம் நிறுவிய ஆடம்ஸ் கௌலி. அறுபது நிமிடம் என்ற எல்லை எந்த ஆய்விலிருந்தும் அளந்து எடுத்ததல்ல.

வட அமெரிக்காவில் 3,656 பேரைக் கொண்டு 2010இல் வெளியான ஆய்வில், ஆம்புலன்ஸ் எடுத்துக்கொண்ட நேரத்துக்கும் மரணத்துக்கும் தொடர்பே தென்படவில்லை. இதைப் படித்துவிட்டு ‘அப்படியானால் மெதுவாகப் போகலாம்’ என்று யாராவது சொன்னால் அது தப்பு. மோசமாக அடிபட்டவரை ஓட்டுநர் வேகமாகக் கொண்டுபோவார். லேசாக அடிபட்டவரை நிதானமாகக் கொண்டுபோவார். வேகமாக வந்தவர்கள்தான் அதிகம் சாவார்கள். இந்தச் சிக்கலைக் கணக்கியலால் முழுக்கப் பிரித்தெடுக்க முடியாது. உள்ளே ரத்தம் கொட்டிக்கொண்டிருப்பவருக்கு நிமிடங்கள் முக்கியம், சில எலும்பு முறிவுகளுக்குச் சில மணி நேரம் பொறுக்கலாம். எல்லாருக்கும் ஒரே கடிகாரம் இல்லை.

அனுபவமுள்ள மருத்துவர்கள் இருக்கும்போது குலுக்கல் போட்டு ஆய்வு செய்வது எதற்கு?

இந்தக் கேள்விக்கு ஸ்டீராய்டு கதையைவிட நல்ல பதில் இல்லை.

தலையில் அடிபட்டால் மூளை வீங்கும். ஸ்டீராய்டு வீக்கத்தைக் குறைக்கும். எனவே தலையில் அடிபட்டவருக்கு ஸ்டீராய்டு கொடுப்பது நல்லது. கேட்க எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பல நாடுகளில் அப்படித்தான் கொடுத்துவந்தார்கள். அதற்குள் சிறுசிறு ஆய்வுகள் பல வந்தன. எதுவும் தெளிவாகச் சொல்லவில்லை. கடைசியில் ‘கிராஷ்’ என்ற பன்னாட்டு ஆய்வு, தலையில் அடிபட்ட 10,008 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஸ்டீராய்டும் மறு பாதிக்கு மருந்தில்லாத ஊசியும் கொடுத்தது. 2004இல் முடிவு வந்தது. ஸ்டீராய்டு பெற்றவர்களில் இரண்டு வாரத்துக்குள் 21.1 சதவீதம் பேர் இறந்தார்கள், பெறாதவர்களில் 17.9 சதவீதம். மருந்து ஆளைக் கொன்றுகொண்டிருந்தது. ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள்.

வித்தியாசம் நூற்றுக்கு மூன்று பேர்தான். ஒரு மருத்துவர் தன் வாழ்நாள் முழுக்கத் தலைக்காயம் பார்த்தாலும் இந்த மூன்று பேரைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. தன் நோயாளி பிழைத்தால் மருந்து காப்பாற்றியது என்பார், இறந்தால் காயம் பெரிது என்பார். அனுபவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. எந்த நோயாளியை உடனே அறுவை அரங்குக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதை அனுபவம்தான் சொல்லும். ஆனால் நூற்றுக்கு மூன்று என்ற அளவிலான நன்மையையோ கேட்டையோ அனுபவத்தால் பார்க்க முடியாது; ஆயிரக்கணக்கில் எண்ணித்தான் ஆக வேண்டும்.

டிரானெக்ஸாமிக் அமிலம் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

மலிவான மருந்து, பழைய மருந்து, உயிரைக் காப்பாற்றும் மருந்து. இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்வது அபூர்வம். ஜப்பானைச் சேர்ந்த உடாகோ ஒகமோட்டோ, ஷோசுகே ஒகமோட்டோ தம்பதி 1960களின் தொடக்கத்தில் இதைக் கண்டுபிடித்தார்கள். உறைந்த ரத்தக்கட்டி கரைந்துபோகாமல் தடுப்பது இதன் வேலை. மாதவிடாயில் அதிக ரத்தம் போகிறவர்களுக்கும், சில அறுவை சிகிச்சைகளிலும் பல ஆண்டுகளாகப் பயன்பட்டது. விபத்தில் அடிபட்டவர்களுக்கும் கொடுத்துப் பார்த்தால் என்ன என்ற கேள்விக்கு 2010இல் பதில் வந்தது.

‘கிராஷ்-2’ என்ற அந்த ஆய்வில் 40 நாடுகள், 274 மருத்துவமனைகள், 20,211 நோயாளிகள். மருந்து பெற்றவர்களில் 14.5 சதவீதம் பேரும், பெறாதவர்களில் 16.0 சதவீதம் பேரும் இறந்தார்கள். ரத்தக்குழாய் அடைப்பு அதிகமாகும் என்ற பயம் அந்த ஆய்வில் பலிக்கவில்லை.

அடுத்த ஆண்டு அதே தரவை நேரவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது இன்னொரு விஷயம் வெளியே வந்தது. முதல் ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் மிக அதிகம். மூன்று மணி நேரம் வரை பலன் உண்டு. மூன்று மணி நேரம் தாண்டிக் கொடுத்தவர்களில் ரத்தப்போக்கு மரணம் குறையவில்லை, கூடியிருந்தது: 3.1 சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் 4.4 சதவீதம். ஒரே மருந்து, ஒரே அளவு. கடிகாரம் மாறியதும் பலன் தலைகீழானது. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று தாமதமாகப் போடும் ஊசி இங்கே உதவாது.

சரி, தலைக்காயத்துக்கு? 12,737 பேரைச் சேர்த்த ‘கிராஷ்-3’ 2019இல் வந்தது. மொத்தத்தில் வித்தியாசம் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை; லேசான, நடுத்தரத் தலைக்காயம் உள்ளவர்களுக்குச் சீக்கிரம் கொடுத்தால் பலன் தெரிந்தது. அதன்பின் 2023இல், மருத்துவமனைக்கு வரும் வழியிலேயே மருந்து கொடுத்துப் பார்த்த ‘பேட்ச்’ ஆய்வு இன்னொரு சங்கடத்தைக் கிளப்பியது. முதல் மாதத்தில் இறந்தவர்கள் குறைவு. ஆனால் ஆறு மாதம் கழித்து, தன் வேலைகளைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலையில் இருந்தவர்களின் விகிதம் இரண்டு குழுவிலும் ஏறக்குறைய ஒன்றே. கூடுதலாகப் பிழைத்தவர்களில் பலர் கடுமையான இயலாமையோடு பிழைத்தார்கள் என்று அர்த்தம். அந்த ஆய்வு சேர்த்தது மிகக் கடுமையாக அடிபட்டவர்களை. ஆகவே கிராஷ்-2 முடிவை அது பொய்யாக்கவில்லை. பிழைப்பதை மட்டும் எண்ணினால் போதுமா என்ற கேள்வியை அது முன்னே தள்ளியது.

ரத்தம் போகிறவருக்கு நிறைய சலைன் ஏற்றினால் நல்லதுதானே?

ஒரு காலத்தில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். இழந்த திரவத்தை ஈடுகட்டு, ரத்த அழுத்தத்தை ஏற்று. 1994இல் ஹூஸ்டன் நகரிலிருந்து வந்த ஆய்வு இந்த எண்ணத்தை அசைத்தது. உடற்பகுதியில் குத்துக்காயமோ குண்டுக்காயமோ பட்டு ரத்த அழுத்தம் இறங்கிய 598 பேரில், ஒரு குழுவுக்கு வழியிலேயே திரவம் ஏற்றினார்கள்; இன்னொரு குழுவுக்கு அறுவை அரங்கு சேரும்வரை ஏற்றவில்லை. காத்திருந்த குழுவில் 70 சதவீதம் பேர் பிழைத்தார்கள், ஏற்றிய குழுவில் 62.

ஏன் இப்படி? உடைந்த குழாயின் வாயில் ஒரு ரத்தக்கட்டி அப்போதுதான் உருவாகியிருக்கும். அழுத்தத்தை ஏற்றினால் அது பிய்த்துக்கொண்டு போகும். சலைன் ரத்தத்தை நீர்க்கச் செய்து, உறைய வைக்கும் புரதங்களின் செறிவைக் குறைத்துவிடும். குளிர்ந்த சலைன் உடம்பையும் குளிரவைக்கும். உடல் குளிர்ந்து, ரத்தத்தில் அமிலம் கூடி, உறையும் திறன் குறைந்தால் ஒன்று மற்றொன்றை மோசமாக்கும். ட்ராமா மருத்துவர்கள் இந்த மூன்றையும் சேர்த்து ‘மரண முக்கூட்டு’ என்பார்கள். 2003இல் லண்டனிலிருந்து வந்த ஓர் ஆய்வில், மருத்துவமனை வந்து சேரும்போதே நாலில் ஒருவருக்கு உறைதல் கெட்டிருந்தது. திரவம் ஏற்றாதவர்களுக்கும் அது நேர்ந்தது. காயமே ரத்தத்தைக் கெடுக்கிறது, நாம் ஏற்றும் சலைன் அதைக் கூட்டுகிறது.

ஒரு முக்கிய விதிவிலக்கு உண்டு. தலையிலும் அடிபட்டிருந்தால் ரத்த அழுத்தத்தைத் தாழ விடக்கூடாது. அடிபட்ட மூளை குறைந்த ரத்த ஓட்டத்தைத் தாங்காது. ஹூஸ்டன் ஆய்வை எல்லாருக்கும் பொருத்தக்கூடாது.

சலைன் வேண்டாம் என்றால் ரத்தத்தை எந்த விகிதத்தில் ஏற்றுவது?

சிவப்பணு, பிளாஸ்மா, பிளேட்லெட் மூன்றையும் சம அளவில் கொடுப்பது இப்போது பரவலான வழக்கம். போரிலிருந்து வந்த தரவுகளில் பிளாஸ்மா அதிகம் பெற்றவர்கள் அதிகம் பிழைத்திருந்தார்கள். ஆனால் அதில் ஒரு பொறி இருந்தது. பிளாஸ்மா உறைந்த நிலையில் இருக்கும். உருக்க நேரம் ஆகும். வந்த சில நிமிடங்களிலேயே இறந்தவருக்கு அது கிடைத்திருக்காது. அப்படியானால் பிளாஸ்மா கிடைத்ததால் பிழைத்தார்களா, பிழைத்திருந்ததால் பிளாஸ்மா கிடைத்ததா? இந்தத் துறையின் பதிவேட்டு ஆய்வுகளை (நடந்த சிகிச்சைகளின் பதிவுகளை மட்டும் பார்த்தவற்றை) எப்போது படித்தாலும் இந்தச் சந்தேகம் மனதில் இருக்கட்டும்.

அதைத் தீர்க்க 680 பேரைச் சேர்த்து குலுக்கல் முறையில் ஓர் ஆய்வு நடந்தது, 2015இல் வெளியானது. சம விகிதமும், சிவப்பணு இரட்டிப்பாக உள்ள விகிதமும் மோதின. 24 மணி நேர மரணத்திலும் 30 நாள் மரணத்திலும் உறுதியான வித்தியாசம் இல்லை. ஆனால் முதல் நாளில் ரத்தம் வடிந்து இறந்தவர்கள் சம விகிதத்தில் 9.2 சதவீதம், மற்றதில் 14.6 சதவீதம். வாதம் இன்னும் ஓயவில்லை. நடைமுறை சம விகிதத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது.

வழியிலேயே பிளாஸ்மா கொடுப்பதிலும் 2018இல் இரண்டு ஆய்வுகள் எதிரெதிர் முடிவு சொல்லின. ஹெலிகாப்டரில் நீண்ட தூரம் வந்தவர்களுக்குப் பலன், நகருக்குள் சில நிமிடங்களில் வந்து சேர்ந்தவர்களுக்குப் பலன் இல்லை. இதில் முரண்பாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை. அரங்குக்குப் போகும் நேரம் குறைவாக இருக்கும் இடத்தில் வழியில் கொடுப்பதற்கு என்ன மிச்சம்?

வயிற்றைத் திறந்துவிட்டு மூடாமல் விடுகிறார்களே, அது சரியா?

குடும்பத்தினர் அதிர்ச்சியோடு கேட்கும் கேள்வி இது. உடம்பு குளிர்ந்து, ரத்தம் உறையாமல் போன நிலையில் ஐந்து மணி நேரம் அறுவை செய்தால், எல்லாவற்றையும் அழகாகத் தைத்து முடிக்கும்போது நோயாளி இருக்கமாட்டார். அதனால் முதல் முறை ரத்தத்தை நிறுத்து, குடல் கசிவை அடை, வயிற்றைத் தற்காலிகமாக மறைத்துவிட்டு வெளியே வா. ஐ.சி.யு.வில் சூடேற்றி, ரத்தம் கொடுத்து, ஒன்றிரண்டு நாளில் மறுபடி அரங்குக்குப் போய் மிச்ச வேலையை முடி. கப்பற்படையில் ஓட்டை விழுந்த கப்பலைக் கரை சேரும்வரை மிதக்கவைப்பதற்குச் சொல்லும் ‘சேதக் கட்டுப்பாடு’ என்ற பெயரையே 1993இல் ரொட்டோண்டோவும் ஷ்வாபும் இதற்கு வைத்தார்கள்.

அந்தக் கட்டுரையில் இருந்தவர்கள் மொத்தம் 46 பேர். மிக மோசமாக அடிபட்ட 22 பேரில், புது முறையில் 13க்கு 10 பேரும் பழைய முறையில் 9க்கு ஒருவரும் பிழைத்தார்கள். குலுக்கல் கிடையாது, பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்ததுதான். அந்தச் சிறு எண்ணிக்கையின்மேல் நின்றே உலகம் முழுக்கப் பழக்கம் மாறியது. மிக மோசமானவர்களுக்கு இது சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சந்தேகம் எங்கே என்றால், ஒரே தடவையில் முடித்திருக்கக்கூடியவர்களுக்கும் இதைச் செய்யும் வழக்கத்தில். திறந்த வயிற்றுக்குத் தொற்று, குடல் ஓட்டை, குடலிறக்கம் என்று தனி விலை கொடுக்க வேண்டும்.

மண்ணீரல் கிழிந்தால் எடுத்துவிட வேண்டாமா?

முன்பு எடுத்தார்கள். மண்ணீரல் இல்லாத குழந்தைகளுக்குக் கடும் தொற்று வருவதை 1952இல் கிங், ஷுமேக்கர் இருவரும் சுட்டிக்காட்டினார்கள். அதன்பின் டொரான்டோவின் குழந்தை மருத்துவர்கள், ரத்த அழுத்தம் நிலையாக இருக்கும் குழந்தைகளை அறுக்காமல் கவனித்துப் பார்த்தார்கள். பெரும்பாலோர் தானாக ஆறினார்கள். இப்போது பெரியவர்களுக்கும் அதே வழிதான். தேவைப்பட்டால் ரத்தக்குழாய்வழியாகப் போய் கசியும் கிளையை அடைப்பார்கள். ரத்த அழுத்தம் நிலைக்காவிட்டால் அரங்குக்குப் போக வேண்டும். எடுத்தவர்களுக்குத் தடுப்பூசி கட்டாயம்.

மூளை வீங்கும்போது மண்டையோட்டைத் திறந்துவிடுவது பலன் தருமா?

இதற்கு ஒரு வரியில் பதில் சொல்கிறவரை நம்பாதீர்கள்.

2011இல் வந்த ‘டெக்ரா’ ஆய்வு 155 பேரில், மண்டையோட்டுக்குள் அழுத்தம் சற்றே ஏறியதும் மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுத்தது. அழுத்தம் இறங்கியது. ஆனால் ஆறு மாதத்தில் நோயாளிகளின் நிலை, எடுக்காதவர்களைவிட மோசம். திரையில் எண் நன்றாக இருந்தது, ஆள் நன்றாக இல்லை.

2016இல் ‘ரெஸ்க்யூ’ ஆய்வு 408 பேரில் வேறு கேள்வி கேட்டது: மற்ற எல்லாச் சிகிச்சையும் தோற்றுப்போய், அழுத்தம் இறங்கவே இல்லை என்ற கட்டத்தில் திறந்தால்? ஆறு மாதத்தில் இறந்தவர்கள் திறந்த குழுவில் 26.9 சதவீதம், மருந்துக் குழுவில் 48.9 சதவீதம். பெரிய வித்தியாசம். ஆனால் உணர்வற்ற நிலையிலேயே கிடந்தவர்கள் முறையே 8.5, 2.1 சதவீதம். பிறரை முழுக்கச் சார்ந்து வாழ்வோரும் திறந்த குழுவில் அதிகம்.

உயிர் வேண்டுமா, எப்படிப்பட்ட உயிர் என்ற இந்த முடிவை மருத்துவர் தனியாக எடுக்கக்கூடாது. நோயாளி என்ன விரும்பியிருப்பார் என்பதைக் குடும்பத்திடம் கேட்டே ஆக வேண்டும். அதற்கு இந்த எண்களை மழுப்பாமல் சொல்ல வேண்டும். பல இடங்களில் ‘உயிருக்கு ஆபத்து, உடனே செய்ய வேண்டும்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுவதுதான் வருத்தம்.

ரத்தத்தை நிறுத்தக் கை காலில் இறுக்கிக் கட்டும் பட்டை, அதாவது டூர்னிகெட், ஆபத்தானது என்று படித்திருக்கிறேன். உண்மையா?

பழைய புத்தகங்கள் அப்படித்தான் சொல்லின. பாக்தாதில் இருந்த ஒரு ராணுவ மருத்துவமனையில் 232 பேரைப் பார்த்து 2009இல் எழுதிய ஆய்வில், அதிர்ச்சி நிலை (ரத்தம் குறைந்து உறுப்புகளுக்கு ஓட்டம் போதாத நிலை) வருவதற்கு முன் கட்டியவர்களில் 90 சதவீதம் பேர் பிழைத்தார்கள், வந்த பிறகு கட்டியவர்களில் 10 சதவீதம். டூர்னிகெட்டால் மட்டும் கை காலை இழந்தவர் ஒருவரும் இல்லை. கைகாலிலிருந்து பீறிடும் ரத்தம் அழுத்திப் பிடித்தும் நிற்காவிட்டால் கட்டலாம், கட்டிய நேரத்தைக் குறித்து வைக்க வேண்டும். சும்மா கசியும் காயத்துக்கு வேண்டாம்.

வந்தவுடன் தலை முதல் இடுப்புவரை சி.டி. ஸ்கேன் எடுப்பது அவசியமா?

1,083 பேரை வைத்து 2016இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் தலைமையில் வந்த முடிவு: முழு உடல் ஸ்கேனும், தேவையான இடத்தை மட்டும் எடுப்பதும் மரணத்தில் ஒரே விளைவுதான். இரண்டு குழுவிலும் 16 சதவீதம். வசதி உள்ள இடத்தில் முழு ஸ்கேன் நேரத்தை மிச்சம் பிடிக்கலாம். அது இல்லாததால் ஆள் செத்துப்போகிறார் என்று சொல்ல முடியாது.

பெருந்தமனிக்குள் பலூன் விடும் புதுமுறை?

தொடை வழியாகக் குழாய் செலுத்தி, பெருந்தமனியில் பலூனை ஊதி, கீழே போகும் ரத்தத்தை அடைப்பது இந்த முறை. நெஞ்சைப் பிளக்காமல் ரத்தத்தை நிறுத்தலாம் என்பதால் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. கருவிகள் விற்பனைக்கு வந்தன, பயிற்சி வகுப்புகள் நடந்தன. பிரிட்டனில் 16 ட்ராமா மையங்கள் சேர்ந்து குலுக்கல் முறையில் சோதித்து 2023இல் வெளியிட்டன. 90 நாளில் பலூன் குழுவில் 54 சதவீதம் பேர் இறந்தார்கள், வழக்கமான சிகிச்சையில் 42. கேடு தெரிந்ததால் 90 பேரோடு ஆய்வை நிறுத்திவிட்டார்கள். 90 சிறிய எண்தான். தேர்ந்த கைகளில், குறிப்பிட்ட காயத்தில் பலன் இருக்கலாம் என்று ஆதரவாளர்கள் வாதாடுகிறார்கள். இருக்கலாம். அதைக் காட்டும் பொறுப்பு இப்போது அவர்களுடையது.

நினைவில்லாதவரை எப்படி ஆய்வில் சேர்க்கிறார்கள்? ஒப்புதல் யார் தருவது?

நியாயமான கேள்வி. மூன்று மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டிய மருந்தைச் சோதிக்கும்போது, உறவினர் வரும்வரை காத்திருந்தால் மருந்தின் பலனே போய்விடும். ஆய்வும் தவறான விடை தரும். அதனால் பல நாடுகள் தனி விதி வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் 1996 முதல், உயிருக்கு ஆபத்தான அவசர நிலையில், முன்கூட்டி அந்தப் பகுதி மக்களிடம் விளக்கிவிட்டு, ஒப்புதல் இல்லாமலே சேர்க்க வழி உண்டு. வேறு பல நாடுகளில் முதலில் சேர்த்துவிட்டு, நோயாளியோ உறவினரோ பேசும் நிலைக்கு வந்ததும் விளக்கிச் சம்மதம் கேட்பார்கள். எல்லா இடத்திலும் நெறிமுறைக் குழுவின் அனுமதி முன்பே வேண்டும்.

உங்கள் வீட்டாரை அப்படிச் சேர்த்திருந்தால், விலகும் உரிமை உங்களுக்கு உண்டு. விலகினால் சிகிச்சை குறையாது. ‘பரிசோதனை எலி ஆக்கிவிட்டார்கள்’ என்ற கோபம் புரிகிறது. ஆனால் ஸ்டீராய்டு விஷயத்தை நினைத்துப் பாருங்கள். ஆய்வு இல்லாமல் அந்த மருந்தை முப்பது ஆண்டுகள் கொடுத்தார்களே, அதற்கு யாரிடம் ஒப்புதல் வாங்கினார்கள்?

ஒரு மருத்துவமனை நன்றாகச் செய்கிறதா என்று எப்படி அளப்பது?

இறந்தவர்களை எண்ணினால் போதாது. மோசமான காயங்களை ஏற்கும் மையத்தில்தான் அதிகம் பேர் இறப்பார்கள். அதனால் காயத்தின் கடுமைக்கு மதிப்பெண் தேவைப்பட்டது. 1974இல் சூசன் பேக்கர் குழு தந்த முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: மிக மோசமான மூன்று உடற்பகுதிகளின் மதிப்பெண்ணை வர்க்கப்படுத்திக் கூட்டுவது. அதிகபட்சம் 75, 15க்கு மேல் போனால் பெரும் காயம். அதே ஆண்டு கிளாஸ்கோவில் டீஸ்டேலும் ஜென்னட்டும் நினைவு நிலையை அளக்கும் அளவுகோலைத் தந்தார்கள்; இன்று அது 3 முதல் 15 வரை போகிறது. பேக்கர் முறையில் குறை உண்டு: ஒரே பகுதியில் இரண்டு பெரிய காயம் இருந்தாலும் ஒன்றைத்தான் எண்ணும்.

ட்ராமா மையங்கள் பரவியதற்கும் இப்படிப்பட்ட எண்ணிக்கை ஒரு காரணம். 1979இல் கலிபோர்னியாவின் இரண்டு பகுதிகளில் வாகன விபத்து மரணங்களை ஒப்பிட்டார்கள். சான் பிரான்சிஸ்கோவில் அடிபட்டவர் எல்லாரையும் ஒரே மையத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆரஞ்ச் கவுன்டியில் பக்கத்தில் உள்ள ஏதோ ஒரு மருத்துவமனைக்கு. மூளைக் காயம் அல்லாத மரணங்களில், ஆரஞ்ச் கவுன்டியில் மூன்றில் இரண்டு பங்கு தவிர்த்திருக்கக்கூடியவை என்று தெரிந்தது. சான் பிரான்சிஸ்கோவில் ஒன்றே ஒன்று. 2006இல் அமெரிக்காவில் 18 ட்ராமா மையங்களையும் 51 மற்ற மருத்துவமனைகளையும் ஒப்பிட்டபோது, ஓராண்டுக்குள் இறந்தவர்கள் ட்ராமா மையங்களில் 10.4 சதவீதம், மற்றவற்றில் 13.8 சதவீதம். புதிய மருந்து எதுவுமில்லாமல், ஆளைச் சரியான இடத்துக்குக் கொண்டுசேர்ப்பதால் மட்டுமே வந்த வித்தியாசம் இது. நூற்றுக்கு மூன்றுக்கும் மேல். டிரானெக்ஸாமிக் அமிலத்தைவிடப் பெரிது. ஆனாலும் செய்தியில் வருவது மருந்துதான்.

பிழைத்தவர்கள் அப்புறம் எப்படி இருக்கிறார்கள் என்று யாராவது பார்க்கிறார்களா?

குறைவாகத்தான். 30 நாள் மரணம் எண்ணுவதற்குச் சுலபம். இரண்டு வருடம் ஒருவரைப் பின்தொடர்வது கடினம், செலவு.

பார்த்த ஆய்வுகளில் முக்கியமானது 2002இல் வந்தது. கால் சிதைந்துபோன 569 பேரை, காலை எடுத்தவர்கள், காலைக் காப்பாற்றியவர்கள் என்று இரண்டு வருடம் கவனித்தார்கள். காலைக் காப்பாற்றுவதே வெற்றி என்று அறுவை நிபுணர்கள் நினைத்திருந்தார்கள். இரண்டு வருடத்தில் இரு குழுவின் செயல்பாட்டிலும் வித்தியாசம் இல்லை. காப்பாற்றிய குழுவுக்கு மறுபடி மறுபடி மருத்துவமனை சேர வேண்டியிருந்தது. வேலைக்குத் திரும்பியவர்கள் இரண்டு பக்கமும் பாதிப் பேர்தான். யார் தேறினார்கள் என்பதைக் காயத்தைவிடப் படிப்பு, வருமானம், தாங்கிப்பிடிக்க ஆள் இருப்பது, தன்னால் முடியும் என்ற நம்பிக்கை இவை அதிகம் தீர்மானித்தன. இவற்றில் எதையும் அறுவை அரங்கில் தைக்க முடியாது. ஆகவே வீடு திரும்பும் நாளில் குடும்பம் கேட்க வேண்டியவை: பிசியோதெரபி எங்கே, எத்தனை நாள், வலிக்கு யாரைப் பார்ப்பது, தூக்கமின்மையும் பயமும் தொடர்ந்தால் யாரிடம் போவது, வேலைக்கு எப்போது, எந்த அளவில் திரும்பலாம். பதில் எழுத்தில் கிடைத்தால் இன்னும் நல்லது.